சிக்னலைத் தீர்மானிக்கும் வரைபடங்கள்: மலையகத் தோட்டங்களை முன்வைத்து

மலையகத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மலையின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். அட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை வரையும், தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை, டயகம வரையும் மலைமுகடும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வருகின்றன. அங்கே வானொலி அலை தடைப்படுவது இயல்புதானே என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறோம். இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. ஒரு கோபுரத்தை எந்த மலைத்தோளில், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை நோக்கி நிறுத்துவது என்பதை இன்று பொறியியலாளர்கள் முதலில் கணினியில்தான் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அதற்கான மென்பொருளுக்கு மலை தெரியாது, தோட்டம் தெரியாது, அங்கு வாழும் குடும்பமும் தெரியாது. நாம் ஊட்டிய புவியியல் தரவு மட்டுமே அதற்குத் தெரியும். அந்தத் தரவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மலையின் வடிவத்தைச் சொல்லும் தரவு ஓரளவு நம்பத்தக்கதாகவும் மலையில் வாழும் மக்களைச் சொல்லும் தரவு மிகவும் பலவீனமாகவும் இருப்பது புலப்படும். தோட்டப்புறத்தின் தொடர்பாடல் குறைக்கு மலையைப் போலவே இந்த இரண்டாவது பலவீனமும் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலையமைப்புத் திட்டமிடும் மென்பொருள் நிலப்பரப்பைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை ஒவ்வொரு சதுரத்தையும் சேரும்போது எவ்வளவு வலிமை எஞ்சியிருக்கும் என்று கணக்கிடுகிறது. இந்தக் கணக்குக்குப் பல தரவு அடுக்குகள் வேண்டும். நிலத்தின் உயரத்தைச் சொல்லும் அடுக்கு முதலாவது. நிலத்தின் மேல் காடு, தேயிலை, கட்டடம், நீர் என எது இருக்கிறது, அது எவ்வளவு உயரம் என்று சொல்லும் நிலப்பயன்பாட்டு அடுக்கு இரண்டாவது. வீதி, ரயில்பாதை, ஆறு ஆகியவற்றைக் கோடுகளாகக் காட்டும் அடுக்கு மூன்றாவது. மக்கள் எங்கே, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது நான்காவது. முதல் இரண்டும் அலை எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்கின்றன. பின்னிரண்டும் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சமவெளி நகரங்களில் நில உயரத்தைப் பெரிதாகக் கவனியாமலே ஓரளவு சரியான கணிப்பைப் பெற்றுவிடலாம். ஜப்பானியப் பொறியியலாளர் ஒக்குமுரா டோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்த அளவீடுகளை 1968இல் வெளியிட்டார். அவற்றை 1980இல் ஹாட்டா எளிய சூத்திரங்களாக்கினார். தூரம், அலைவெண், கோபுர உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால் இழப்பு எவ்வளவு என்று அந்தச் சூத்திரம் சொல்லிவிடும். ஆனால் அது ஏறத்தாழ மட்டமான நிலத்துக்கு உருவானது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டரில் இருக்கிறது. அதன் தலைக்கு மேலே பிதுருதலாகலை 2,524 மீட்டரில் நிற்கிறது. தலவாக்கலைக்கும் அதற்கு மேலே எழும் கிரேட் வெஸ்டர்ன் மலைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயர வேறுபாடு. இத்தகைய இடத்தில் கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள நிலத்தின் குறுக்குவெட்டை ஒவ்வொரு திசையிலும் வரைந்து, எந்த முகடு எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கூரான முகட்டின் விளிம்பை அலை உரசிச் சென்றாலே அதன் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். பார்வைக் கோடு தடையின்றி இருந்தாலும் போதாது. 900 மெகாஹேர்ட்ஸ் அலை 5 கிலோமீட்டர் தூரம் செல்லும்போது, நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 20 மீட்டர் ஆரமுள்ள வெளி அதன் பயணத்தில் பங்குகொள்கிறது. அந்த வெளியின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும்.

இந்த உயரத் தரவு எங்கிருந்து வருகிறது? 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ராடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 வீதத்தை அளந்தது. அதன் விளைவாக வந்த உயரப்படம் முதலில் 90 மீட்டர் சதுரங்களாகவும், 2014க்குப் பிறகு 30 மீட்டர் சதுரங்களாகவும் உலகெங்கும் இலவசமாகக் கிடைத்தது. சமவெளிக்கு இது தாராளம். 30 பாகை சரிவுள்ள தேயிலை மலையிலோ 30 மீட்டர் தள்ளிப் போனால் நிலம் 17 மீட்டர் ஏறியோ இறங்கியோ விடுகிறது. 90 மீட்டர் தள்ளினால் 52 மீட்டர். ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம் என்று எழுதும்போது கூரிய முகடு மழுங்குகிறது, குறுகிய ஓடைப் பள்ளம் நிரம்பிவிடுகிறது. ராடார் மேலேயிருந்து சாய்வாகப் பார்த்ததால் செங்குத்துச் சரிவுகளின் பின்புறம் நிழலில் விழுந்து வெற்றிடமாகிப் பின்னர் ஊகத்தால் நிரப்பப்பட்ட இடங்களும் உண்டு. அடர்ந்த காட்டில் அது அளந்தது தரையை அல்ல, மரவிதானத்துக்குள் ஏதோ ஓர் உயரத்தை. இத்தனை குறைகள் இருந்தும், இவை தெரிந்த குறைகள். எங்கே, எந்த அளவில் பிழை வரும் என்று பொறியியலாளர் அறிவார். விலை கொடுத்து 5 மீட்டர் நுட்பமுள்ள தரவை வாங்கவும் முடியும்.

உயரத்தோடு சேர்ந்தே எழும் இன்னொரு சிக்கல் ஆயத்தொலைவு. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நாட்டின் வரைபடக் கட்டங்கள் எண்ணப்படும் மூலப்புள்ளி பிதுருதலாகலை உச்சிதான். பழைய கட்டத்தில் அந்த உச்சிக்குக் கிழக்காகவும் வடக்காகவும் தலா 200,000 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். 1999இன் புதிய கட்டத்தில் அது தலா 500,000 மீட்டர். பழைய கட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த பூமியின் கணித வடிவமும் இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் வடிவமும் வேறு வேறு. ஒன்றில் எழுதிய அகலாங்கு நெட்டாங்குகளை மாற்றாமல் மற்றதில் பதித்தால் புள்ளி ஏறத்தாழ 200 மீட்டர் இடம்பெயர்ந்துவிடும். கொழும்பில் இந்தத் தவறு அடுத்த தெருவில் கொண்டுபோய்விடும். மஸ்கெலியாவிலோ முகட்டில் நிற்க வேண்டிய கோபுரம் கணினியில் மறுசரிவின் பாதிவழியில் நிற்கும். அது எறிக்கும் பள்ளத்தாக்கே வேறாகிவிடும். பழைய தோட்ட வரைபடங்களையும் இன்றைய செய்மதிப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் எவரும் முதலில் சரிபார்க்க வேண்டியது இதையே.

அடுத்தது நிலத்தின் மேலுள்ளவை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப்பட்டு இடுப்பளவு உயரத்திலேயே நிற்பதால் அலைக்கு அது தடையே அல்ல. ஆனால் செடிகளுக்கு இடையே நிற்கும் கிரவீலியா நிழல்மரங்களும், தோட்ட எல்லைகளில் உயர்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ் வரிசைகளும் தடைதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 10 மீட்டர் உலக நிலப்போர்வைப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் 11 வகைகளில் தேயிலைக்கென்று தனி வகை இல்லை. ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரவகைப் பயிர்களை அந்தப் படத்தின் விதி பயிர்நிலத்தில் சேர்ப்பதில்லை. புதர் என்றோ மரப்போர்வை என்றோ வகைப்படுத்தச் சொல்கிறது. ஒரு மலைமுகம் மரப்போர்வை என்று பதிவானால் மென்பொருள் அங்கே பல மீட்டர் உயரக் காட்டை நிறுத்திச் சிக்னலைக் குறைத்துக் காட்டும். புதர் என்று பதிவானால் நிழல்மரங்களை மறந்து கூட்டிக் காட்டும். இரண்டுமே தவறு.

மூடுபனி சிக்னலை மறைக்கிறது என்ற எண்ணம் மலையகத்தில் பரவலாக இருக்கிறது. கைபேசிகள் வழமையாகப் பயன்படுத்தும் அலைவெண்களில் மூடுபனியால் ஏற்படும் இழப்பு புறக்கணிக்கத்தக்கது. மழைக்கு உண்மையான பங்கு இருப்பது வேறோர் இடத்தில். கோபுரத்தையும் கோபுரத்தையும் இணைக்கும் நுண்ணலை இணைப்புகள் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் இயங்கும்போது கனமழை அவற்றை நலிவடையச் செய்கிறது. தென்மேற்குப் பருவமழையை முழுமையாக வாங்கும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் மழைச்செறிவுத் தரவும் திட்டத்தின் ஓர் அடுக்காகியே தீர வேண்டும். இதையும் வானிலை அளவீடுகளும் சர்வதேச மழைவரைபடங்களும் தந்துவிடுகின்றன. ஆக, இயற்கையைப் பற்றிய தரவுகளில் குறை இருந்தாலும் அதைக் களையும் வழியும் இருக்கிறது.

மனிதரைப் பற்றிய தரவுக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. முதலில் வீதிகளைப் பார்ப்போம். அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 பெருந்தெருவும் மலைநாட்டு ரயில்பாதையும் எல்லா வரைபடத்திலும் துல்லியமாக இருக்கின்றன. தோட்டத்துக்குள் போகும் வீதிகளின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்குவதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. மூன்று தசாப்தங்களாகத் தோட்ட வீதி கம்பனியின் உள்வீதியாகவே கருதப்பட்டது. பொது ஏடுகளில் இடம்பெறாத வீதி வரைபடத்தில் கோடாக வருவதும் அரிது. இது சிக்னலை எப்படிப் பாதிக்கிறது? கணிப்பைச் சரிபார்க்க நிறுவனங்கள் அளவுக்கருவி பொருத்திய வாகனத்தை ஓட்டிப் பார்க்கின்றன. அந்த வாகனம் பெருந்தெருவில் ஓடுகிறது. கொழுந்து மலைக்கு ஏறும் படிக்கட்டுப் பாதையிலோ தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் முற்றத்திலோ ஓடுவதில்லை. வீதியில் நல்ல சிக்னல் என்று பதிவாகும் அதே நேரத்தில், சரிவின் மடிப்புக்குள் இருக்கும் குடியிருப்பு இருட்டில் கிடக்கலாம்.

அடுத்தது மக்கட்தொகை. இலங்கையின் குடிசன மதிப்பீடு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 2012 மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையினர். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். மாவட்டம் என்ற அளவில் எண்ணிக்கை சரிதான். வலையமைப்புத் திட்டத்துக்கு வேண்டியது அதுவல்ல. எந்த மலைமுகத்தில், எந்த 100 மீட்டர் சதுரத்துக்குள் எத்தனை பேர் என்பதுதான் வேண்டும். மதிப்பீடு தரும் மொத்த எண்ணை எடுத்து, செய்மதிப் படத்தில் தெரியும் கூரைகளுக்கும் இரவு வெளிச்சத்துக்கும் வீதிகளுக்கும் ஏற்பச் சதுரங்களுக்குப் பங்கிட்டுத்தான் உலக மக்கட்பரம்பல் படங்கள் தயாராகின்றன. தோட்டங்களில் இந்தப் பங்கீடு தடுமாறுகிறது. லயம் ஒரே நீண்ட கூரை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாழலாம். கூரையை ஒரு கட்டடமாக எண்ணும் கணிதம் அதை ஒரு வீடாகக் கொள்கிறது. பரப்பளவை வைத்து எண்ணும் கணிதம் அதைக் களஞ்சியம் என்றோ சிறு தொழிற்சாலை என்றோ மயங்கக்கூடும். பக்கத்து நகரில் தனித்தனிக் கூரையுள்ள கடைகளும் விடுதிகளும் மக்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள, லயத்து மக்கள் கணக்கில் மெலிந்துபோகிறார்கள்.

இந்தப் பிழை மற்றப் பிழைகளைவிட ஆபத்தானது, ஏனென்றால் இது தன்னைத் தானே மறைத்துக்கொள்கிறது. உயரத் தரவு தவறினால் கட்டிய கோபுரம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது, தவறு வெளிப்பட்டுவிடும். மக்கட்பரம்பல் தவறினால் அந்த இடத்தில் கோபுரமே எழாது. அங்கே தேவை இருந்ததாக எந்த அறிக்கையிலும் பதிவாகாது. மக்களில் இத்தனை வீதத்தினருக்குச் சேவை கிடைக்கிறது என்று அறிவிக்கப்படும் எண்ணும் இதே மக்கட்படத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. யார் படத்தில் இல்லையோ அவர்கள் விடுபட்டவர்களின் கணக்கிலும் இல்லை. 2021இல் பெருந்தொற்றுக் காலத்தில் பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுவழி நடந்து பாறை மேல் ஏறியமை உலகச் செய்தியானது. ஒரு மலைப் பிரதேசத்தின் தேவை செய்தியாக வந்த பிறகே கண்ணில் படுகிறது என்றால், திட்டமிடும் தரவில் அது முன்பே இருக்கவில்லை என்பதே பொருள்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு, வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மலை நகராது என்பது. நகராதுதான். ஆனால் மலை தடுக்க மட்டும் செய்வதில்லை, தாங்கவும் செய்கிறது. ஒரு பள்ளத்தாக்கின் இந்தச் சரிவில் நிறுத்திய நடுத்தரக் கோபுரம் எதிர்ச் சரிவு முழுவதையும் நேருக்கு நேர் பார்க்கிறது. சமவெளியில் கிடைக்காத வசதி இது. குடியிருப்புகள் எந்தச் சரிவில் இருக்கின்றன என்று தெரிந்தால்தான் அந்த வசதியைப் பயன்படுத்த முடியும். பிதுருதலாகலை உச்சியிலிருந்து 1982இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே, அப்படி ஓர் உயரமான உச்சியில் கைபேசிக் கோபுரத்தை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. தொலைக்காட்சி ஒருவழி. கைபேசியோ பதில் அனுப்பவும் வேண்டும். அதன் ஆற்றல் பொதுவாகக் கால் வாட்டுக்கும் குறைவு. எனவே கோபுரம் மக்களுக்கு அருகில் வர வேண்டும். அருகில் வர வேண்டுமானால் மக்கள் எங்கே என்று முதலில் தெரிய வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வணிகத்தைப் பற்றியது: தோட்ட மக்களின் வருமானம் குறைவு, கோபுரச் செலவு கட்டாது, தரவைத் திருத்தினால் முடிவு மாறிவிடாது என்பார்கள். இலாபம் பார்த்து முதலிடுவது நிறுவனத்தின் உரிமை. ஆனால் அந்தக் கணக்கும் சரியான எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். சிதறிய கிராமத்தைப் போலல்லாமல் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சில லயங்களுக்குள் நெருக்கமாக வாழ்கின்றன. ஒரு கோபுரம் எட்டும் வட்டத்துக்குள் கிடைக்கும் ஆட்களைப் பார்த்தால் இது சாதகமான அமைப்பு. சந்தை கைவிடும் இடங்களுக்காகவே பொதுத் திட்டங்கள் இருக்கின்றன; தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கிய கிராமியத் தொடர்பாடல் திட்டம் அத்தகையது. எந்த இடம் விடுபட்டது என்று காட்டும் படமே பிழையானால் பொதுப்பணமும் தவறான இடத்துக்குப் போகும்.

மூன்றாவது மறுப்பு புதியது. 2025இல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் சேவையைத் தொடங்கிவிட்டது, இனிக் கோபுரமும் வரைபடமும் எதற்கு என்று கேட்கலாம். செய்மதிக்கும் திறந்த வானம் தேவை. ஒடுங்கிய பள்ளத்தாக்கும் உயர்ந்த யூக்கலிப்டஸும் வானத்தின் ஒரு பகுதியை மறைக்கும் இடத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரும். அதன் கருவியையும் மாதக் கட்டணத்தையும் ஒரு தொழிலாளர் குடும்பம் தனியே தாங்குவது கடினம். பாடசாலைக்கும் தோட்ட வைத்திய நிலையத்துக்கும் அது நல்ல துணையாகலாம். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையிலிருக்கும் சாதாரணக் கைபேசிக்கு அது மாற்றாகாது.

சிக்னல் வசதிக்கானது மட்டும் என்று நினைப்பவர்களுக்கு மலையகத்தின் மண் பதில் சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாடெங்கும் சரிவுகளை ஏற்படுத்தி வீதிகளையும் தொடர்புகளையும் துண்டித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை 1:10,000 அளவில்கூட வரைந்து வருகிறது. அந்தப் படத்தைத் திட்டமிடும் மென்பொருளில் ஓர் அடுக்காகச் சேர்த்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும்: எந்தச் சரிவில் கோபுரம் நிறுத்தக் கூடாது, எந்தச் சரிவில் வாழும் மக்களுக்கு எச்சரிக்கைச் செய்தி தவறாமல் சேர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை காண, அபாயப் படத்தின் மேல் லயங்களின் படம் வேண்டும்.

அந்தப் படத்தை உருவாக்கப் பெரும் செலவு தேவையில்லை, ஏனென்றால் வேண்டிய தகவலில் பெரும்பகுதி ஏற்கெனவே நாட்டில் இருக்கிறது. தோட்டக் கந்தோர்களில் டிவிசன் வாரியாக மலைகளையும் லயங்களையும் காட்டும் நில அளவைப் படங்கள் இருக்கின்றன. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம் தோட்டக் குடும்பங்களின் எண்ணிக்கை இருக்கிறது. இவற்றை நில அளவைத் திணைக்களத்தின் புதிய கட்டத்துக்கு மாற்றி, ஒவ்வொரு குடியிருப்பையும் ஒரு புள்ளியாகவும் அதில் வாழும் குடும்பங்களை ஓர் எண்ணாகவும் பதிந்தால் போதும். பெயரோ அடையாள அட்டை இலக்கமோ வேண்டியதில்லை; ஆகவே தனிமனித இரகசியம் பாதிக்கப்படும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஆணைக்குழு செய்ய வேண்டியது, சேவை வீதத்தை அறிவிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எந்த ஆண்டின் மக்கட்தரவை எத்தனை மீட்டர் நுட்பத்தில் பயன்படுத்தியது என்று வெளியிடச் செய்வதும், சோதனை அளவீட்டைப் பெருந்தெருவோடு நிறுத்தாமல் லய முற்றம் வரை நடந்துபோய் எடுக்கச் செய்வதும். மலையக இளைஞர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்தில் எவரும் தம் ஊரைப் பதியலாம். உங்கள் தோட்டத்தின் வீதியையும் லயத்தையும் பாடசாலையையும் அதில் சரியான இடத்தில் வரைந்து பெயரிடுங்கள். மலையின் உயரம் விண்ணிலிருந்து அளக்கப்பட்டுவிட்டது; அதில் வாழ்பவர்களின் இடத்தை அங்கே வாழ்பவர்களைவிடச் சரியாகக் குறிக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை.